ஈசிஜி: எடுப்பது, சரிபார்ப்பது, படிப்பது

எலக்ட்ரோகார்டியோகிராம் என்ற நீளப் பெயரின் சுருக்கம் ஈசிஜி. இதயத்தில் ஓடும் மின்சாரத்தைத் தோலின் மேலிருந்தே பிடித்து, நேரப்படி வரைந்த கோடு அது. பாடநூல்களில் இதய மின்னலை வரைபடம் என்று இருக்கும். ‘கிராம்’ என்று முடிந்தால் பதிவு. ‘கிராஃப்’ என்றால் பதிவு செய்யும் கருவி. ‘கிராஃபி’ என்றால் எடுக்கும் முறை. சில அறிக்கைகளில் ஈகேஜி என்று பார்த்தால் வேறு சோதனையோ என்று பதற வேண்டாம். ஜெர்மன் எழுத்துக்கூட்டலிலிருந்து வந்த சுருக்கம் அது, சோதனை ஒன்றுதான்.

குழப்பம் வருவது பக்கத்தில் நிற்கும் பெயர்களால். எக்கோ என்பது அல்ட்ராசவுண்டு படம்: வால்வு எப்படித் திறக்கிறது, இதயம் எவ்வளவு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்பதெல்லாம் அதில்தான் தெரியும், ஈசிஜியில் தெரியாது. ஈஈஜி மூளைக்கானது. டிஎம்டி என்பது டிரெட்மில்லில் நடக்க வைத்து எடுக்கும் ஈசிஜி. ஹோல்டர் என்பது சிறு கருவியை உடம்பில் மாட்டி 24 அல்லது 48 மணி நேரம் தொடர்ந்து எடுக்கும் ஈசிஜி. ‘எக்கோ ரிப்போர்ட் கொண்டு வாருங்கள்’ என்று மருத்துவர் சொல்லியிருக்க, ஈசிஜி தாளை எடுத்துப் போவது அடிக்கடி நடக்கிறது. கட்டம் போட்ட தாளில் கோடு ஓடினால் ஈசிஜி. இதய அறைகளின் கறுப்பு வெள்ளைப் படமும் அளவுகளும் இருந்தால் எக்கோ.

கோடு எதைக் காட்டுகிறது

இதயத் துடிப்பு சைனஸ் முனையில் (மேலறையில் துடிப்பைத் தூண்டும் இடம்) தொடங்கி மேலறைகளில் பரவும்போது வரும் சிறு மேடு பி அலை. பிறகு மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள ஏவி முனையில் மின்சாரம் சற்றுத் தாமதிக்கும். அந்த நேரம் கோடு தட்டையாக ஓடும். கீழறைகளுக்குள் பாய்ந்ததும் வரும் கூரான பகுதி க்யூஆர்எஸ். அதில் மேலே எழும் முனை ஆர், அதற்கு முன்னால் கீழே இறங்குவது க்யூ, பின்னால் இறங்குவது எஸ். கீழறைகள் மீண்டும் பழைய மின்நிலைக்குத் திரும்பும்போது வருவது டி அலை. க்யூஆர்எஸ் முடிந்து டி தொடங்கும் வரையுள்ள துண்டு எஸ்டி. மாரடைப்புச் சந்தேகத்தில் எல்லோர் கண்ணும் போய் நிற்கும் இடம் அது.

லண்டனில் அகஸ்டஸ் வாலர் 1887-லேயே மனித இதயத்தின் மின்பதிவை எடுத்துக் காட்டினார். அதைத் துல்லியமான மருத்துவக் கருவியாக்கியவர் நெதர்லாந்தின் வில்லெம் ஐன்தோவன். 1924-ல் நோபல் பரிசு பெற்றார். பி, க்யூ, ஆர், எஸ், டி என்ற எழுத்துகள் அவர் வைத்தவை. அவருடைய கருவியில் பதிவு எடுக்க, கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் முக்கி உட்கார வேண்டும். இன்று கை காலைக் கவ்வும் கிளாம்பும் தோலில் தடவும் ஜெல்லியும் அந்த உப்புநீரின் வேலையைத்தான் செய்கின்றன: தோலுக்கும் உலோகத்துக்கும் நடுவே மின்சாரம் தடையில்லாமல் போக வழிவிடுவது. தோலுக்கு வந்து சேரும் அளவு ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட். இவ்வளவு சின்ன சமிக்ஞை என்பதால்தான் காய்ந்த ஜெல்லி, வியர்வை, நடுக்கம் என எதுவும் பதிவைக் கெடுத்துவிடுகிறது.

பத்து ஒயர், பன்னிரண்டு பார்வை

ஒட்டுவது பத்து எலக்ட்ரோடு, அதாவது தோலிலிருந்து மின்சாரத்தைப் பிடிக்கும் முனை. தாளில் வருவது 12 லீட். லீட் என்றால் ஒயர் இல்லை, ஒரு கோணத்திலிருந்து இதயத்தைப் பார்க்கும் பார்வை. வலது கையிலிருந்து இடது கைக்கு லீட் 1, வலது கையிலிருந்து இடது காலுக்கு லீட் 2, இடது கையிலிருந்து இடது காலுக்கு லீட் 3. இதே மூன்று இடங்களை வேறு வகையில் சேர்த்துக் கணக்கிட்டால் ஏவிஆர், ஏவிஎல், ஏவிஎஃப் கிடைக்கும். வலது கால் எந்தப் பார்வையிலும் சேராது. குறுக்கீட்டைக் குறைக்க மட்டும் அது இருக்கிறது. மார்பில் ஒட்டும் ஆறும் வி1 முதல் வி6 வரை.

ஒயர் நிறத்தில் இரண்டு வழக்கம் உண்டு. ஐஇசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) முறையில் வலது கை சிவப்பு, இடது கை மஞ்சள், இடது கால் பச்சை, வலது கால் கறுப்பு. அமெரிக்க முறையில் வலது கை வெள்ளை, இடது கை கறுப்பு, இடது கால் சிவப்பு, வலது கால் பச்சை. ஒன்றில் பழகியவர் கண்ணை மூடிக்கொண்டு மற்றதை மாட்டினால் சிவப்பும் கறுப்பும் இடம் மாறிப் பதிவே பாழாகும். நிறத்தை மனப்பாடம் செய்வதைவிட, ஒயர் முனையில் அச்சிட்டிருக்கும் எழுத்தைப் படித்து மாட்டுவது நல்லது.

எடுக்கும் முறை

முதலில் பெயர், வயது, பாலினம், அடையாள எண், நேரம் ஆகியவற்றைக் கருவியில் பதியுங்கள். கருவியின் தானியங்கிக் கணிப்பு வயதையும் பாலினத்தையும் வைத்து மாறும் என்பதால், அவற்றைக் காலியாக விட்டால் கீழே அச்சாகும் வாசகமும் நம்பகமில்லாமல் போகும். கருவியின் கடிகாரம் சரியா என்று பாருங்கள். நெஞ்சுவலியில் அடுத்தடுத்து எடுத்த பதிவுகளை ஒப்பிடும்போது நேரம்தான் ஆதாரம்.

நோயாளி மல்லாந்து படுத்து, கைகள் உடம்பை ஒட்டித் தளர்ந்து கிடக்க வேண்டும். கட்டில் குறுகலாக இருந்து கை தொங்கினால், அதைப் பிடித்து வைக்கும் தசையின் நடுக்கமெல்லாம் கோட்டில் ஏறும். தேவைப்பட்டால் கைவிளிம்பைத் தொடைக்கு அடியில் சற்றே செருகிக்கொள்ளச் சொல்லலாம். அவசரமில்லை என்றால் ஐந்து நிமிடம் ஓய்வு கொடுங்கள். மூச்சுத் திணறலால் படுக்க முடியாதவருக்குச் சாய்த்தோ உட்கார வைத்தோ எடுக்கலாம். ஆனால் அதைத் தாளில் எழுதியாக வேண்டும், ஏனென்றால் உடம்பின் நிலை மாறினால் அலையின் உயரமும் அச்சும் (இதயத்தில் மின்சாரம் மொத்தமாகப் பாயும் திசை) மாறும்.

தோல் வேலையில் சோம்பல் கூடாது. எலக்ட்ரோடு ஒட்டும் இடத்தில் அடர்ந்த முடி இருந்தால், அனுமதி கேட்டு மழித்துவிடுங்கள். எண்ணெய், பவுடர், வியர்வை இருந்தால் சோப்புநீரால் துடைத்து உலர்த்தி, காய்ந்த காஸ் துணியால் லேசாகத் தேயுங்கள். மேலே படிந்த இறந்த தோல் போனாலே மின்தடை நன்றாகக் குறையும். ஒட்டும் எலக்ட்ரோடாக இருந்தால் உறை பிரித்து நாளானதை, ஜெல் காய்ந்ததைத் தூக்கி எறியுங்கள்.

கை கால் எலக்ட்ரோடுகளை மணிக்கட்டுக்கும் கணுக்காலுக்கும் சற்று மேலே, எலும்பு துருத்தாத சதைப்பகுதியில் மாட்டுங்கள். வேலை சுலபம் என்று தோளிலும் இடுப்பிலும் ஒட்டினால் அச்சும் அலை உயரமும் மாறும். டிஎம்டியில் நடக்க வேண்டியிருப்பதால் கை காலில் மாட்டாமல் உடம்பின் நடுப்பகுதியில் ஒட்டுகிறார்கள். அந்தப் பதிவைப் படுத்து எடுத்த பதிவோடு அப்படியே ஒப்பிடக் கூடாது. கட்டு போட்ட, அல்லது துண்டிக்கப்பட்ட கை கால் என்றால் எட்டுகிற வரை மேலே மாட்டி, மறுபக்கத்திலும் அதே உயரத்தில் மாட்டுங்கள்.

மார்பில் இடம் கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையின் பாதி. கண்மதிப்பு உதவாது, விரலால் எண்ண வேண்டும். கழுத்துக் குழியிலிருந்து நெஞ்செலும்பின் மேல் விரலைக் கீழே இறக்குங்கள். சில சென்டிமீட்டரில் குறுக்காக ஒரு மேடு தட்டுப்படும்; லூயி கோணம் என்பது அது. அங்கிருந்து பக்கவாட்டில் நகர்ந்தால் விரல் ஏறுவது இரண்டாவது விலா எலும்பில். அதற்குக் கீழே இரண்டாவது இடைவெளி. அங்கிருந்து மூன்றாவது, நான்காவது என்று இறங்குங்கள்.

வி1: நான்காவது விலா இடைவெளி, நெஞ்செலும்பின் வலது ஓரம்.
வி2: அதே இடைவெளி, இடது ஓரம்.
வி4: ஐந்தாவது இடைவெளி, காரை எலும்பின் நடுவிலிருந்து நேர் கீழே.
வி3: வி2-க்கும் வி4-க்கும் நடுவில். அதனால் வி4-ஐ ஒட்டிய பிறகே இதை ஒட்ட வேண்டும்.
வி5: வி4-ன் அதே மட்டத்தில், அக்குளின் முன்மடிப்புக்கு நேர் கீழே.
வி6: அதே மட்டத்தில், அக்குளின் நடுவிலிருந்து நேர் கீழே.

வி5, வி6 இரண்டும் விலா இடைவெளியைப் பின்தொடரக் கூடாது. விலா எலும்பு பக்கவாட்டில் வளைந்து மேலேறும். அதைத் தொடர்ந்தால் இரண்டும் மேலே போய்விடும். வி4-லிருந்து கிடைமட்டமாக ஒரு கோடு மனதில் வரைந்து அதன்மேல் ஒட்டுங்கள். ஆணின் மார்புக் காம்பை அடையாளமாக வைத்து வி4 ஒட்டுவதும் தவறு. அது ஆளுக்கு ஆள் வேறு இடத்தில் இருக்கும். பெண்களுக்கு மார்பகத்தை அவரே, அல்லது அனுமதியோடு புறங்கையால் நீங்கள், மேலே தூக்கி அடியில் வி4-ஐ ஒட்டுவது வழக்கம். என்ன செய்யப் போகிறோம் என்பதை முன்கூட்டியே சொல்லி, திரை போட்டு, எடுத்து முடித்ததும் உடனே மூடிவிட வேண்டும். கூச்சத்தால் அவசர அவசரமாக ஒட்டிய பதிவில் தவறு வர வாய்ப்பு அதிகம்.

பல்ப் (அழுத்தி விட்டால் தோலை உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் குமிழ்) வைத்த எலக்ட்ரோடு பயன்படுத்தினால் ஜெல்லியை ஒவ்வொரு இடத்திலும் தனித்தனிப் பொட்டாக வையுங்கள். வி1 முதல் வி6 வரை ஒரே இழுப்பில் தடவினால் ஆறு இடங்களும் மின்னிணைப்பில் சேர்ந்து, ஆறு லீடும் ஒன்றுபோலவே வரும். தாளில் வி2-லிருந்து வி6 வரை அலை அச்சடித்தது போல ஒரே மாதிரி இருந்தால் முதலில் ஜெல்லியைத் துடைத்துப் பாருங்கள்.

அச்சிடும் முன் திரையில் கோடு அமைதியாக ஓடுகிறதா என்று பார்த்து, பேச வேண்டாம், இயல்பாக மூச்சு விடுங்கள் என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள். மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்லத் தேவையில்லை. பல பேர் தம் கட்டி, உடம்பையே விறைப்பாக்கிக் கொள்வார்கள்.

தாள் பொய் சொல்லும் இடங்கள்

ஒயர் மாறுவதில் அடிக்கடி நடப்பது வலது கையும் இடது கையும் இடம் மாறுவது. லீட் 1-ல் பி, க்யூஆர்எஸ், டி மூன்றும் தலைகீழாக இருக்கும். எப்போதும் கீழ்நோக்கி இருக்க வேண்டிய ஏவிஆர் மேல்நோக்கி நிற்கும். இதயம் வலப்பக்கம் அமைந்தவருக்கும் லீட் 1 இப்படித்தான் வரும். பிரித்தறிய மார்பு லீடுகளைப் பாருங்கள். வி1-ல் சிறியதாகத் தொடங்கி வி5 வரை ஆர் அலை வழக்கம்போல வளர்ந்தால் ஒயர்தான் மாறியிருக்கிறது. வி1-லிருந்து வி6 நோக்கி ஆர் தேய்ந்துகொண்டே போனால் வலப்பக்க இதயத்தை யோசிக்கலாம்.

வலது கையும் வலது காலும் மாறினால் லீட் 2 ஏறக்குறைய நேர்கோடாகும். நோயாளி நன்றாகப் பேசிக்கொண்டிருக்க ஒரே ஒரு லீட் மட்டும் செத்துப் போனது போல் இருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். இடது கையும் இடது காலும் மாறுவதுதான் வம்பு. பதிவு பார்க்க இயல்பாகவே இருக்கும், பழைய ஈசிஜியோடு ஒப்பிட்டால்தான் பெரும்பாலும் பிடிபடும். பி அலை லீட் 2-ஐவிட லீட் 1-ல் பெரிதாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

ஒயர் மாற்றத்தைவிட ஏமாற்றுவது வி1, வி2 மேலே ஏறிப்போவது. இரண்டாம், மூன்றாம் இடைவெளியில் ஒட்டினால் வி1-ல் பி அலை கீழ்நோக்கித் திரும்பும், க்யூஆர்எஸ் முடிவில் இரண்டாவதாக ஒரு சிறு ஆர் முளைக்கும், ஆர் அலை வளரத் தயங்கும். கருவி உடனே ‘இன்கம்ப்ளீட் ரைட் பண்டில் பிரான்ச் பிளாக்’ (வலது கீழறைக்குப் போகும் மின்பாதையில் பகுதித் தடை) என்றோ, பழைய மாரடைப்பு இருக்கலாம் என்றோ அச்சிட்டுவிடும். ஆள் நலமாக இருக்கிறார், போன முறை தாள் இயல்பாக இருந்தது, இந்த முறை மட்டும் இப்படி என்றால் மேற்கொண்டு சோதனைக்கு எழுதும் முன் எலக்ட்ரோடைச் சரியான இடத்தில் ஒட்டி மறுபடி எடுங்கள். இரண்டு நிமிட வேலை, ஒருவருடைய பல வார நிம்மதியைக் காக்கும்.

கோடு முழுவதும் ஒரே சீராக, பல்போல நுணுக்கமான அதிர்வு ஏறியிருந்தால் அது மின்கம்பிக் குறுக்கீடு. நாட்டைப் பொறுத்து நொடிக்கு 50 அல்லது 60 அதிர்வு. கட்டிலுக்கு அடியில் ஓடும் மின்கம்பி, சார்ஜரில் செருகிய கைபேசி, தளர்ந்த கிளாம்ப் ஆகியவற்றைப் பாருங்கள். கருவியை மின்செருகியிலிருந்து கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பார்க்கலாம். ஒழுங்கில்லாத கிறுக்கல் என்றால் தசை: குளிர், பயம், விறைப்பு. போர்வை போர்த்தினாலே பாதி சரியாகும். பார்க்கின்சன் நடுக்கம் இருப்பவரிடம் அந்த நடுக்கம் இதயத்தின் வேகத் துடிப்பு போலவே பதிவாகி, அனுபவம் உள்ளவர்களையும் ஏமாற்றியிருக்கிறது. எந்த லீடில் சுத்தமாக இருக்கிறது என்று பாருங்கள். வலது கை மட்டும் நடுங்கினால் அந்தக் கை சேராத லீட் 3 தெளிவாக இருக்கும். அதில் சாதாரணத் துடிப்பு தெரிந்தால் மற்றவற்றில் தெரிவது நடுக்கம்தான். கோடு மொத்தமாக மேலும் கீழுமாக அலைந்தால் மூச்சு, அசைவு, அல்லது பிடிப்பில்லாத எலக்ட்ரோடு காரணம்.

இதற்கெல்லாம், தேவையில்லாத அதிர்வை வடிகட்டும் ஃபில்டர் பொத்தானை அழுத்துவது சுலபவழி, ஆனால் விலை உண்டு. நோயறியும் பதிவுக்கு 0.05 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை திறந்திருக்க வேண்டும். மேல்வரம்பை 40-ஆகக் குறைத்தால் கோடு அழகாகும். கூடவே ஆர் அலையின் உயரம் குறையும், துடிப்பைத் தூண்டப் பொருத்திய பேஸ்மேக்கர் கருவியின் கூர்முனை மறையலாம். கீழ்வரம்பை 0.5-ஆக உயர்த்தினால் கோடு அலையாமல் நிற்கும், ஆனால் எஸ்டி துண்டு உண்மையில் இல்லாத அளவுக்கு மேலேயோ கீழேயோ நகரலாம். மானிட்டர் திரையில் தெரியும் எஸ்டியை வைத்து முடிவெடுக்காமல் முழு 12 லீட் பதிவு கேட்பதற்கு ஒரு காரணம் இது. முதலில் தோலையும் ஒயரையும் சரி செய்யுங்கள். முடியாவிட்டால் மட்டும் ஃபில்டர்.

படிக்கும் வரிசை

அலைக்குப் போகும் முன் தாளின் விளிம்பைப் பாருங்கள். பெயர் சரியா, நேரம் சரியா, வேகம் நொடிக்கு 25 மி.மீ. தானா, உயரம் ஒரு மில்லிவோல்ட்டுக்கு 10 மி.மீ. தானா? வரியின் தொடக்கத்திலோ முடிவிலோ செவ்வகமாக ஒரு தூண் நிற்கும். அது இரண்டு பெரிய கட்டம் உயரம் இருக்க வேண்டும். ஒரு கட்டம்தான் இருக்கிறது என்றால் எல்லா அலையும் பாதியாகச் சுருங்கியிருக்கிறது, ‘லோ வோல்டேஜ்’ என்று எழுதிவிடாதீர்கள். வேகம் 50 என்று இருந்தால் அலைகள் விலகி, துடிப்பு உண்மையில் பாதி என்பது போலத் தோன்றும்.

சாதாரண அமைப்பில் ஒரு சின்னக் கட்டம் அகலத்தில் 0.04 நொடி, உயரத்தில் 0.1 மில்லிவோல்ட். ஐந்து சின்னக் கட்டம் சேர்ந்த பெரிய கட்டம் 0.2 நொடி, 0.5 மில்லிவோல்ட். ஐந்து பெரிய கட்டம் ஒரு நொடி.

துடிப்பு வேகம்: ஒரு ஆர் முனையிலிருந்து அடுத்த ஆர் வரை எத்தனை பெரிய கட்டம் என்று எண்ணி, 300-ஐ அதனால் வகுங்கள். நான்கு கட்டம் என்றால் 75. நுணுக்கமாக வேண்டுமானால் சின்னக் கட்டத்தை எண்ணி 1500-ஐ வகுக்கலாம். துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தால் இரண்டுமே தவறும். அடியில் ஓடும் நீண்ட வரி வழக்கமாக 10 நொடி, அதில் ஆர் எத்தனை என்று எண்ணி ஆறால் பெருக்குங்கள். பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இயல்பு. நன்கு பயிற்சி பெற்ற விளையாட்டு வீரருக்கு ஓய்வில் 60-க்குக் கீழே இருப்பதும் சகஜம்.

அடுத்து தாளம். லீட் 2-ல் ஒவ்வொரு க்யூஆர்எஸ்ஸுக்கும் முன்னால் மேல்நோக்கிய பி இருந்தால் சைனஸ் ரிதம், அதாவது இயல்பான தாளம். மூச்சை இழுக்கையில் வேகம் கூடி, விடும்போது குறைவது இளைஞர்களிடம் சாதாரணம். ‘சைனஸ் அரித்மியா’ என்று அச்சானதைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. பி அலையே இல்லாமல், ஆர் முனைகளுக்கு நடுவிலுள்ள தூரம் எந்த ஒழுங்குக்கும் அடங்காமல் மாறினால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது மேலறைகள் ஒழுங்கின்றித் துடிதுடிக்கும் கோளாறு. தாளின் விளிம்பு ஒன்றில் மூன்று ஆர் முனைகளைக் குறித்துக்கொண்டு வரி நெடுக நகர்த்திப் பாருங்கள். கண்ணுக்குச் சீராகத் தோன்றிய ஒழுங்கின்மை அப்போது பிடிபடும்.

பிஆர் இடைவெளி, அதாவது பி தொடக்கத்திலிருந்து க்யூஆர்எஸ் தொடக்கம் வரை, மூன்று முதல் ஐந்து சின்னக் கட்டம். ஐந்தைத் தாண்டி, எந்தத் துடிப்பும் விடுபடாமல் இருந்தால் முதல்நிலை பிளாக், அதாவது மேலறையிலிருந்து கீழறைக்கு மின்சாரம் வழக்கத்தைவிடத் தாமதமாகப் போகிறது. க்யூஆர்எஸ் அகலம் மூன்று சின்னக் கட்டத்துக்குள் அடங்க வேண்டும். மூன்றும் அதற்கு மேலும் என்றால் கீழறைகளுக்குள் மின்சாரம் சுற்றுவழியில் போகிறது. பண்டில் பிரான்ச் பிளாக், கீழறையிலேயே பிறந்த துடிப்பு, பேஸ்மேக்கர் ஆகியவை காரணமாக இருக்கலாம்.

க்யூடி, க்யூஆர்எஸ் தொடக்கத்திலிருந்து டி முடிவு வரை. துடிப்பு வேகத்துக்கு ஏற்ப இது மாறும் என்பதால் திருத்திய க்யூடிசியைத்தான் பார்க்க வேண்டும். பழக்கத்தில் உள்ள பாசெட் கணக்கு: நொடியில் அளந்த க்யூடியை, நொடியில் அளந்த ஆர்ஆர் இடைவெளியின் வர்க்கமூலத்தால் வகுப்பது. க்யூடி பத்து சின்னக் கட்டம், அதாவது 0.40 நொடி, ஆர்ஆர் நான்கு பெரிய கட்டம், 0.8 நொடி, அதன் வர்க்கமூலம் சுமார் 0.894. வகுத்தால் 0.447, அதாவது 447 மில்லிநொடி. ஆணுக்கு 450, பெண்ணுக்கு 460 வரை பொதுவாக ஏற்கிறார்கள். துடிப்பு 100-ஐ ஒட்டியோ மேலேயோ இருக்கும்போது பாசெட் கணக்கு அளவைக் கூட்டிக் காட்டும். அந்த நேரத்து எண்ணை மட்டும் வைத்து மாத்திரையை நிறுத்துவது சரியில்லை. சில ஆன்டிபயாட்டிக், மனநல மருந்து, ரத்தத்தில் பொட்டாசியம் குறைவு ஆகியவை க்யூடியை நீட்டும் என்பதால் சாப்பிடும் மாத்திரைப் பட்டியலை மருத்துவரிடம் காட்டுங்கள்.

அச்சுக்கு எளிய வழி: லீட் 1, ஏவிஎஃப் இரண்டிலும் க்யூஆர்எஸ் மேல்நோக்கி இருந்தால் இயல்பு.

எஸ்டியை ஒரே ஒரு லீடில் பார்த்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. இதயத்தின் ஒரே பகுதியைப் பார்க்கும் குறைந்தது இரண்டு லீடில் சேர்ந்து தெரிய வேண்டும். 2, 3, ஏவிஎஃப் இதயத்தின் அடிப்பக்கம். 1, ஏவிஎல், வி5, வி6 இடது பக்கவாட்டு. வி1 முதல் வி4 வரை முன்பக்கம். பெரும்பாலான லீடுகளில் ஒரு மி.மீ. உயர்ந்தாலே கவனிக்க வேண்டும். வி2, வி3-ல் இயல்பாகவே கொஞ்சம் உயர்ந்திருக்கும் என்பதால் வரம்பு கூடுதல்: 40 வயதுக்கு மேற்பட்ட ஆணுக்கு 2, குறைந்தவருக்கு 2.5, பெண்ணுக்கு 1.5 மி.மீ. ஒரு பக்கம் உயர்ந்து எதிர்ப்பக்கம் தாழ்ந்திருந்தால் சந்தேகம் வலுக்கும்.

2, 3, ஏவிஎஃப் உயர்ந்திருந்தால் வலது கீழறையும் பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வி4-ஐ மார்பின் வலப்பக்கம் அதே உயரத்தில் ஒட்டி எடுப்பார்கள். வி1 முதல் வி3 வரை எஸ்டி தாழ்ந்திருந்தால் இதயத்தின் பின்பக்க மாரடைப்பாக இருக்கலாம். ஒயர்களை வி6-ன் மட்டத்திலேயே முதுகுப் பக்கம் கொண்டுபோய் வி7, வி8, வி9 எடுப்பார்கள். இப்படி எடுத்தால் தாளில் பேனாவால் அடித்துத் திருத்தி எழுத மறக்காதீர்கள். கருவிக்கு ஒயர் இடம் மாறியது தெரியாது. வி4 என்றேதான் அச்சிடும்.

டி அலை ஏவிஆரில் கீழ்நோக்கி இருப்பது இயல்பு. வி1-லும், லீட் 3-ல் தனியாகவும் கீழ்நோக்கி இருந்தாலும் பெரும்பாலும் கவலையில்லை.

கருவி அச்சிடும் வாசகம்

மேல் மூலையில் வரும் வாசகம் கணிப்பொறியின் ஊகம். ‘அன்கன்ஃபர்ம்டு’ என்று பக்கத்தில் இருந்தால் மருத்துவர் இன்னும் பார்த்து ஒப்புக்கொள்ளவில்லை என்று அர்த்தம். வேகம், பிஆர், க்யூஆர்எஸ் அகலம் போன்ற அளவுகளில் கருவி நன்றாகவே செய்யும். தாளக் கோளாறிலும் மாரடைப்பிலும் இரண்டு பக்கமும் தவறும். ‘நான் ஸ்பெசிபிக் எஸ்டி-டி சேஞ்சஸ்’ என்றால் சிறு மாற்றம் இருக்கிறது, அதை வைத்து மட்டும் எந்த நோயையும் சொல்ல முடியாது என்பதே. ‘எல்விஹெச்’ என்பது இடது கீழறைச் சுவர் தடித்திருக்கலாம் என்ற குறிப்பு. வி1-ன் எஸ் ஆழத்தையும் வி5 அல்லது வி6-ன் ஆர் உயரத்தையும் கூட்டி 35 மி.மீ. வந்தால் பல கருவிகள் இதை அச்சிடும். ஒல்லியான இளைஞருக்கு மார்புச் சுவர் மெல்லியது என்பதாலேயே இந்தக் கூட்டல் எகிறும். உறுதிப்படுத்த எக்கோ வேண்டும். ‘புவர் ஆர் வேவ் புரோக்ரஷன்’ என்று வந்தால், பழைய மாரடைப்பை நினைக்கும் முன் மார்பு எலக்ட்ரோடு எங்கே ஒட்டியிருந்தது என்று கேளுங்கள்.

நெஞ்சுவலியோடு வந்தவருக்கு முதல் பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்து, படிக்கத் தெரிந்தவர் பார்த்துவிட வேண்டும். ‘நார்மல்’ என்று வந்தாலும் மாரடைப்பு இல்லை என்று ஆகாது. ரத்தக்குழாய் அடைப்பு ஈசிஜியில் நேரடியாகத் தெரிவதில்லை, பாதிப்பு மின்சாரத்தை மாற்றிய பிறகுதான் கோடு மாறும். வலி தொடர்ந்தால் 15 முதல் 30 நிமிட இடைவெளியில் திரும்பத் திரும்ப எடுத்து ஒப்பிடுவார்கள், ரத்தத்தில் ட்ரோபோனின் (இதயத் தசை சேதமானால் கூடும் புரதம்) பார்ப்பார்கள். வலி இருக்கும்போதே எடுத்த தாளுக்கு மதிப்பு அதிகம். அதனால் தாளின் ஓரத்தில் ‘வலி உண்டு’ அல்லது ‘வலி இல்லை’ என்று எழுதி வையுங்கள். வீட்டில் நெஞ்சை அழுத்தும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் ஈசிஜி எங்கே எடுக்கலாம் என்று தேடாமல் அவசர ஊர்தியை அழையுங்கள்.

எப்போதாவது வந்து போகும் படபடப்பைப் பத்து நொடிப் பதிவு பிடிப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. தினமும் வந்தால் ஹோல்டர்; மாதத்துக்கு ஒருமுறை வந்தால் வாரக்கணக்கில் மாட்டும் ஈவென்ட் ரெக்கார்டர்; காரணம் தெரியாமல் மயங்கி விழுபவருக்குத் தோலுக்கு அடியில் பொருத்தும் லூப் ரெக்கார்டர். ஹோல்டர் மாட்டியிருக்கும்போது படபடப்பு வந்த நேரத்தையும் அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதையும் குறிப்பேட்டில் எழுதாவிட்டால் அந்தப் பதிவின் பயன் பாதியாகும். கைக்கடிகாரம் தரும் ஈசிஜி பொதுவாக லீட் 1 போன்ற ஒரே பார்வை, வழக்கமாக 30 நொடி. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனைக் காட்டிக் கொடுக்க உதவும். மாரடைப்பு இருக்கிறதா என்பதை அதில் பார்க்கக் கூடாது.

கடைசியாக, ஈசிஜி தாள் பெரும்பாலும் வெப்பத்தால் அச்சாகும் தெர்மல் பேப்பர். வெயில் படும் இடத்திலும் சூடான வண்டியிலும் கிடந்தால் கறுக்கும். சாதாரண பிளாஸ்டிக் உறையில் வருடக்கணக்கில் வைத்தால் கோடு மங்கும். கிருமிநாசினி தடவிய ஈரக்கையால் தொட்டாலும் கறைபடும். வாங்கிய அன்றே முழுத் தாளும் கட்டமும் ஓர அச்சும் தெரியும்படி நேர் மேலிருந்து படம் எடுத்து, ஒரு நகலும் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை புதிதாக எடுக்கும்போது மருத்துவர் கேட்கப் போவது பழைய தாளைத்தான். உடம்பு நன்றாக இருந்தபோது எடுத்ததாக இருந்தால் இன்னும் நல்லது.